மேரி ராணியும் எங்கள் தெருக் கொலையும்

சேசு மரி சூசை

வால்தம்ஸ்டோ, லண்டன்
23.02.2025

அன்புள்ள கொட்வின் அண்ணைக்கு,

தங்கை மெற்றில்டா எழுதுவது. இங்கே நானும் இவரும் ஆண்டவர் புண்ணியத்தில் நடமாடித் திரிகிறோம். உங்கள் காதில் திரும்பவும் சீழ் வடிவதாக எழுதியிருந்தீர்கள். ஆசுபத்திரிக்குப் போனீர்களா? போனில் எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது என்றபடியால் கடிதம்தான் எங்களுக்கு வாய். சிரமம் பாராமல் பதில் போடுங்கள்.

ஜெர்மனியை விட்டு இங்கே வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் பிரித்தானியக் குடியுரிமைக்குப் போடுகிறோம். அதற்கு ஒரு சோதனை எழுத வேண்டும். நாட்டின் சரித்திரம் முழுவதையும் ஒரு புத்தகத்தில் அடக்கியிருக்கிறார்கள். தையல் கடையில் ஆள் வராத நேரம் அதைத்தான் படிக்கிறேன். இப்போது மேரி ராணியில் நிற்கிறேன். எங்கள் கத்தோலிக்கச் சபைக்காரி. ஐந்து வருடம்தான் ஆண்டாள். அதற்குள் புரொட்டஸ்தாந்துக்காரர் முந்நூறு பேரளவில் உயிரோடு எரிக்கப்பட்டார்களாம். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கட ஆக்கள் சும்மா ஆக்களில்லை" என்று சிரித்தார். சைவக்காரர், அவர் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரியில் இந்தச் சரித்திரம் படிப்பித்தவர் நீங்கள். அவள் ஏன் அப்படிச் செய்தாள்? எரிக்கிறபோது அயலவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இன்ன வீட்டில் இன்னார் இருக்கிறார் என்று ராணிக்கு யார் போய்ச் சொன்னது? புத்தகத்தில் அதெல்லாம் இல்லை.

போன வியாழன் பின்னேரம் எங்கள் கடைக்கு முன்னால் ஒரு பெடியனைக் கத்தியால் குத்திவிட்டார்கள். வெள்ளைக்காரப் பெடியன், பெயர் லூக். இறந்துவிட்டான். நான் கடைக்குள்தான் இருந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, யோசிக்க வேண்டாம்.

உங்கள் உடம்பைக் கவனியுங்கள்.

அன்புத் தங்கை
மெற்றில்டா

*

சேசு மரி சூசை

பாசையூர், யாழ்ப்பாணம்
17.03.2025

அன்புத் தங்கை மெற்றில்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. காதுக்கு மருந்து விடுகிறேன், நோவு குறைவு. மனைவி இறந்தபிறகு சமைக்க ஆளில்லை என்று நீ கவலைப்பட வேண்டாம். பக்கத்து வீட்டு ரீத்தா அக்கா மத்தியானச் சாப்பாடு தவறாமல் அனுப்புகிறா.

மேரியைப் பற்றிக் கேட்டாய். அவள் பயந்து வளர்ந்த பிள்ளை. தகப்பன் தாயைத் தள்ளி வைத்தான், இவளை முறையில்லாத பிள்ளை என்று அறிவித்தான். பூசை காணவே ஒளிக்க வேண்டிய காலம் அவளுக்கு இருந்தது. பயத்தோடு வளர்ந்தவர் கைக்கு அதிகாரம் வந்தால் மற்றவரைப் பயப்படுத்திப் பார்ப்பார். பெயர் கொடுத்தவர்கள் வேறு யார், அயலவர்கள்தான். தேவாலயத்தில் குனிய வேண்டிய இடத்தில் குனியவில்லை என்று பக்கத்தில் நின்றவன் சொல்லாமல் வேறு எப்படித் தெரியும்? டார்ட்ஃபோர்ட் என்ற ஊரில் ஒருவரை எரித்த அன்று செரிப்பழ வியாபாரிகள் குதிரையில் பழம் ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். பார்க்க வந்த கூட்டத்துக்கு விற்க.

நீ ராணிக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், கடை வாசலில் செத்த பெடியனுக்கு நாலு வரி. உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். என்ன கண்டாய்?

இன்னொன்று. ரீத்தா அக்காவின் மகள் அஞ்சலீனா உன் பங்குக் கோயிலுக்குத்தானே வருகிறாள்? தாய் எடுத்தால் போன் எடுக்கிறாள் இல்லையாம். கோயிலில் கண்டால் சொல்லு. அவளின் பெடியன் வருண் படிப்பு எப்படி என்றும் கேட்கச் சொன்னா.

அவருக்கும் என் அன்பைச் சொல்லு.

அண்ணன்
கொட்வின்

*

வால்தம்ஸ்டோ
06.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். சாப்பிடுகிறோம், கடை திறக்கிறோம்.

கண்டேன், அண்ணை. தையல் மெஷின் யன்னலடியில் இருக்கிறது. தலை நிமிர்ந்தபோது இரண்டு பெடியன்கள் இழுபறிப்பட்டார்கள். ஒருவன் மடங்கி விழுந்தான். மற்றவன் கத்தியோடு திரும்பி யன்னலைப் பார்த்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் கைக்கெட்டும் தூரம். பிறகு ஓடிவிட்டான். நான் கதவைப் பூட்டிவிட்டு அம்புலன்சுக்கு அடித்தேன். வெளியே போகக் கால் வரவில்லை.

வெளியே ஓடி வந்தவன் இத்ரீஸ். பக்கத்துப் பழக்கடை ரஷீத்தின் மகன். முழங்காலில் இருந்து லூக்கின் வயிற்றைத் தன் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து யாரோ பஸ்ஸிலிருந்து போனில் படம் பிடித்திருக்கிறார்கள். கையெல்லாம் இரத்தத்தோடு இத்ரீஸ், கீழே வெள்ளைக்காரப் பெடியன். அந்தப் படம் ஊரெல்லாம் போய்விட்டது. முஸ்லிம் பெடியன் குத்திவிட்டான் என்று கதை. இத்ரீஸைப் பிடித்து மறியலில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

அன்று பொலிஸ் கடை கடையாக வந்து கேட்டது. இவர் முந்திக்கொண்டு, நாங்கள் பின்பக்கம் நின்றோம், ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன். அவர்கள் போனபின் இவர் சொன்னார்: "இஞ்சை பாரும், நாங்கள் இன்னும் இந்த நாட்டுக்குச் சொந்தமில்லாத ஆக்கள். வாயை மூடிக்கொண்டு இரும்."

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஈலிங் துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போய் என் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அவருக்கும் பயம்தான்.

இப்போது மேரிக்குப் பிறகு வந்த முதலாம் எலிசபெத் ராணி படிக்கிறேன். எல்லாரும் கோயிலுக்குப் போக வேண்டும், ஆனால் உள்ளுக்குள் என்ன நம்புகிறாய் என்று அவள் கேட்கவில்லை என்று புத்தகம் சொல்லுகிறது. வாசிக்க ஆறுதலாக இருந்தது. ஒருவரும் உள்ளே இருப்பதைக் கேட்காத நாடு.

என்ன செய்ய, அண்ணை?

மெற்றில்டா

*

பாசையூர்
25.04.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் பெரிய வியாழனுக்கு முதல்நாள் வந்தது. உடனே எழுத இருந்தேன், இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

போகாதே. நீ ஒன்றும் காணவில்லை. உன் மனிசன் சொன்னதுதான் சரி.

என் காது போன கதை உனக்குத் தெரியும். தொண்ணூற்றாறில் ஆமி சுற்றிவளைத்து எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக விட்டார்கள். தலையில் சாக்குப் போட்டு, இரண்டு கண்ணுக்கு ஓட்டை வைத்து, ஒருவனைக் கொண்டுவந்து ஜீப்பில் இருத்தினார்கள். என் முறை வந்தபோது அந்தச் சாக்கு மேலும் கீழும் ஆடியது. அவ்வளவுதான். ஒன்றரை வருடம் மறியல், அடியில் காதும் போனது. சாக்குக்குள் இருந்தவன் யார், என்னோடு அவனுக்கு என்ன கோபம், ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒருவனைச் சுட்டிக் காட்டுவது என்ன செய்யும் என்று மட்டும் தெரியும். என் தங்கை அந்த வேலை செய்யக் கூடாது.

எலிசபெத்தைப் பற்றிப் புத்தகம் பாதிதான் சொல்லியிருக்கிறது. அவள் காலத்தில் கோயிலுக்குப் போகாதவனுக்குத் தண்டம். குருவானவரை வீட்டில் ஒளித்து வைத்தவர்களுக்குத் தூக்கு. கேட்காமலும் விடவில்லை.

அஞ்சலீனாவைப் பற்றிக் கேட்டதற்கு நீ ஒன்றும் எழுதவில்லை. ரீத்தா அக்கா ஒவ்வொரு நாளும் கேட்கிறா.

கடைக் கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு தை. மணி அடித்தால் பார்த்துத் திற.

அண்ணன்
கொட்வின்

*

வால்தம்ஸ்டோ
12.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களைக் கலங்க வைத்ததற்கு மன்னியுங்கள். காதுக்கு மருந்து விடுவதை நிறுத்த வேண்டாம்.

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் தெருவுக்குக் கூட்டம் வந்தது. கொடி பிடித்துக்கொண்டு, லூக்கின் படத்தைத் தூக்கிக்கொண்டு. லூக்கின் தாய் அதில் இல்லை. வேண்டாம் என்று அவள் ரேடியோவில் கேட்டிருந்தாள். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ரஷீத்தின் பழப்பெட்டிகளை உதைத்துக் கவிழ்த்தார்கள். ஒரு கல் அவர் கண்ணாடியை உடைத்தது, அடுத்தது எங்கள் கண்ணாடியை. எங்கள் கடைப் பலகையில் இருக்கிற எழுத்து என்ன சமயம் என்று அவர்கள் வாசித்துப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் ஆட்கள் சிப்ஸ் சாப்பிட்டபடி படம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீங்கள் எழுதிய செரிப்பழக்காரரை நினைத்தேன்.

இவர் பின்கதவால் ஓடிப்போய் ரஷீத்தின் மனைவியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து எங்கள் துணிச் சுருள்களுக்குப் பின்னால் இருத்தினார். அந்த மனிசி அழவில்லை. "என் பிள்ளை உதவி செய்யத்தான் போனான்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். பொலிஸ் வந்து கூட்டத்தைக் கலைத்தபின் இவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மெற்றில், அந்தப் பெடியன் குத்தேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப ஆர்?"

சொன்னேன். அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

உங்களுக்கும் சொல்ல வேண்டும். அஞ்சலீனாவின் மகன் வருண். ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் எனக்கு முன் வாங்கில் இருப்பவன். அதனால்தான் நீங்கள் கேட்டதற்கு எழுதவில்லை.

சுட்டிக் காட்டாதே என்கிறீர்கள். உங்களைப் பிடித்துக்கொண்டு போன அன்று அம்மா செய்ததை உங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வீடு வீடாகப் போனா. குற்றம் நடந்ததாக ஆமி சொன்ன நாளில் நீங்கள் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் எத்தனை பேர். ஒருவர் வந்து அதைச் சொன்னால் போதும் என்று அம்மா கும்பிட்டா. எல்லாரும் கதவுக்குள் நின்று தலையாட்டினார்கள், ஒன்றும் தெரியாது என்று. சாக்குப் போட்டவன் ஒருவன்தான். மற்றவர்கள் முகத்தோடுதான் நின்றார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கூடப் போனவள்.

பதில் எழுதுங்கள்.

மெற்றில்டா

*

வால்தம்ஸ்டோ
09.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு வருத்தமா, என்னோடு கோபமா? இரண்டில் எது என்றாலும் ஒரு வரி போடுங்கள்.

செவ்வாய்க்கிழமை முன்பின் தெரியாத ஒரு பெடியன் கடைக்கு வந்தான். தொப்பிச் சட்டையை நெற்றிவரை இழுத்து விட்டிருந்தான். துணி ஒன்றும் கொண்டுவரவில்லை. மரியாதையாகத்தான் கேட்டான், "யன்னலடியில் இருந்து தைப்பது நீங்களா?" என்று. இல்லை, என் மனைவிக்குக் கண் வடிவாகத் தெரியாது என்று இவர் சொன்னார். அவன் என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நல்லது" என்று சொல்லிப் போனான். அந்த ஒரு சொல்தான். அன்றிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. இவர் மெஷினைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டார்.

அஞ்சலீனாவைக் கோயிலில் காண்கிறேன். மெலிந்துவிட்டாள். என்னைக் கண்டால் தலையைக் குனிகிறாள். அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியுமோ? வருண் இப்போது பூசைக்கு வருவதில்லை.

பஸ் ஸ்மித்ஃபீல்ட் பக்கமாகப் போனபோது சுவரில் ஒரு கல்லைக் கண்டேன். மேரியின் காலத்தில் எரிக்கப்பட்டவர்களுக்காக வைத்தது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். நான் அந்தச் சபைக்காரி என்று யாருக்காவது தெரியுமோ என்று திரும்பிப் பார்த்தேன். பயம் வந்தால் அதற்கு நியாயம் ஒன்றும் தேவையில்லை, அண்ணை.

இவர் பெயருக்கு ஒரு கார்ட் ஆவது போடுங்கள்.

மெற்றில்டா

*

சேசு மரி சூசை

பாசையூர்
20.06.2025

அன்புத் தங்கைக்கு,

கோபமில்லை. வருத்தமுமில்லை. உன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு அந்த மேசைப் பக்கம் போகாமல் இருந்தேன்.

அம்மா வீடு வீடாகப் போனது எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது எல்லாரும் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன். அவர்களில் யார் யார் கதவுக்குள் நின்றார்கள் என்று நீ எழுத வேண்டாம். இருக்கிற காலத்துக்கு நான் இவர்களோடுதான் இருக்க வேண்டும்.

எலிசபெத் காலத்தில் யோர்க் நகரத்தில் ஓர் இறைச்சிக் கடைக்காரரின் மனைவி இருந்தாள், மார்கரெட் என்று. குருக்களை வீட்டில் ஒளித்தவள். அந்த வீட்டில் இருந்த ஒரு பிள்ளையை வெருட்டியபோது அது பயந்து ஒளிக்கும் இடத்தைக் காட்டிவிட்டது. வழக்கு நடந்தால் தன் சொந்தப் பிள்ளைகளும் சாட்சி சொல்ல வேண்டி வரும் என்று அவள் நீதிமன்றத்தில் வாயே திறக்கவில்லை. பாரம் ஏற்றி நசித்துக் கொன்றார்கள். இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் நான் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசுவேன். இப்போது யோசித்தால் அந்தப் பிள்ளையின் நினைவுதான் வருகிறது. அதற்குப் பிறகு அது எப்படி வளர்ந்திருக்கும்?

எனக்குத் தலையாட்டியவனும் பயந்துதான் ஆட்டியிருப்பான். பயந்ததற்காக அவனில் எனக்கு இப்போது கோபமில்லை. தெரியாததைத் தெரியும் என்றானே, அதுதான். உனக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லு. ஒரு சொல் கூட்டாதே.

ரீத்தா அக்கா இப்போதுதான் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனா. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சோறு இன்னும் மூடியபடி இருக்கிறது.

அண்ணன்
கொட்வின்

*

வால்தம்ஸ்டோ
13.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் போனோம். இவரும் கூட வந்தார். முதல் பொய் சொன்னது தான் என்று அவரே பொலிஸிடம் சொன்னார். ஒரு பெண் அதிகாரி எழுதினாள். பிறகு திரையில் ஒன்பது பெடியன்களின் முகத்தைக் காட்டினார்கள், ஒவ்வொருவரும் இடமும் வலமும் திரும்புவதாக. அதில் வருணும் வந்தான். இரண்டு தரம் முழுவதும் பார்க்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் தரம் அவன் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது. இலக்கத்தைச் சொன்னேன்.

வருணின் வீட்டைச் சோதித்துச் சப்பாத்தில் இரத்தம் கண்டுபிடித்தார்களாம். இத்ரீஸ் போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தான். நன்றாக இளைத்திருக்கிறான். ரஷீத் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து கடை நடுவில் நின்றார். பெட்டியை மெஷினடியில் இறக்கி வைத்தார். அதைத் தொட எனக்குக் கூசியது. ஐந்து மாதம் அவர் மகன் உள்ளே இருந்தது என்னாலும்தானே.

குடியுரிமைச் சோதனையில் சித்தியடைந்துவிட்டேன். எலிசபெத் பற்றி ஒரு கேள்வி வந்தது. புத்தகம் சொன்ன விடையைத்தான் அமத்தினேன்.

ஞாயிறு பூசைக்கு இனி கோலியர்ஸ் வுட் பக்கம் போவோம் என்கிறார் இவர். இரண்டு ரயில் மாற வேண்டும். போகிறோம். அஞ்சலீனா இருக்கும் வாங்குக்குப் பின்னால் முழங்காலில் நிற்க எனக்குத் தைரியமில்லை.

அங்கே செய்தி வந்திருக்கும். உங்களை நினைத்துத்தான் எனக்கு நித்திரை இல்லை.

மெற்றில்டா

*

பாசையூர்
15.08.2025

அன்புத் தங்கைக்கு,

இன்று மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாள். உனக்காகவும் அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். நான் நல்ல சுகம்.

இப்போது நானே சமைக்கப் பழகிவிட்டேன். பருப்பு நன்றாக வருகிறது, மீன்தான் உடைந்து போகிறது. ரீத்தா அக்காவுக்கு முழங்கால் வருத்தம் போலும், இந்தப் பக்கம் வருவதில்லை. முன் யன்னல் கண்ணாடி ஒன்று காற்றில் உடைந்தது. மட்டை அடித்திருக்கிறேன். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான், வெயில் படாது.

நீ செய்தது சரி. இதை இரண்டாம் முறை கேட்டு எழுதாதே.

அண்ணன்
கொட்வின்

*

சேசு மரி சூசை

வால்தம்ஸ்டோ
07.12.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடியும்வரை ஒருவரோடும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்றார்கள். உங்களுக்கு வேறு எதை எழுத? உங்கள் யன்னலைக் காற்று உடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் பங்குத் தந்தைக்கு எழுதிக் கேட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

போன மாதம் நீதிமன்றத்துக்குப் போனேன். வருண் என்னைப் பார்க்க முடியாதபடி திரை கட்டலாம், பயந்த சாட்சிகளுக்கு அப்படிச் செய்வது வழக்கம் என்று ஒரு பெண் அன்பாகச் சொன்னாள். ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று வந்தது. முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைச் சுட்டிக் காட்ட என்னால் ஏலாது, அண்ணை.

கண்டதைச் சொன்னேன். காணாததைக் காணவில்லை என்றேன். அவனுடைய வக்கீல் என் கண்ணாடியின் இலக்கம்வரை கேட்டான். நான் பேசி முடியும்வரை வருண் தன் கையைப் பார்த்தபடியே இருந்தான். போனில் வந்த ஒரு கேலிக்காகச் சண்டை பிடித்தார்களாம். அதற்கு ஓர் உயிர். ஆயுள் தண்டனை, குறைந்தது இருபது வருடம். லூக்கின் தாய் வெளியே வரும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அஞ்சலீனா வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைத் தொட ஒருவரும் இருக்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் அவள் கடைக்கு வந்தாள். இவர் இல்லாத நேரம். கதவைத் திறப்பதா என்று யோசித்தேன். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணியை அடிக்காமல் நின்றாள். திறந்தேன்.

"மெற்றில்டா அக்கா, ஒண்டு கேக்கவேணும். கோட்டிலை வைச்சுக் கேக்கேலாது."

"கேள், அஞ்சலீனா."

"குத்தினாப் பிறகு அவன் உங்களைப் பாத்தவன் எண்டு சொன்னனீங்கள். எப்பிடிப் பாத்தவன்?"

பத்து மாதமாக ஒவ்வொரு நாளும் அந்தப் பார்வையைக் கண்டு வெருண்டவள் நான். எப்படிப் பார்த்தான் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பொலிஸ் கேட்கவில்லை, வக்கீல் கேட்கவில்லை. நானே கேட்டதில்லை.

"பயந்துபோய்ப் பாத்தவன். வாய் அசைஞ்சது. கண்ணாடியாலை சத்தம் வரேல்லை. 'அன்ரி' எண்டு என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது."

"அன்ரி எண்டவனோ?"

"அப்பிடித்தான் எனக்குப் பட்டது. நிச்சயமாச் சொல்லமாட்டன்."

அவள் துணி அளக்க வருபவர்கள் இருக்கும் கதிரையில் இருந்தாள். பிறகு சொன்னாள்: "வீட்டை வந்து சாப்பிட்டவன், அக்கா. கையைக் கழுவிப்போட்டு இருந்து சாப்பிட்டவன். என்ர வயித்திலை என்ன பிறந்ததெண்டு அண்டையிலயிருந்து யோசிச்சுக்கொண்டிருக்கிறன். பயந்தவனெண்டால் சரி. பயந்தவனெண்டால் அவன் மனிசன்தான்."

எழும்பிப் போகும்போது கதவடியில் நின்றாள். மறியலில் அவன் தாயைப் பார்க்க வெளியே வருகிறான் இல்லையாம். மூன்று முறை போய்த் திரும்பி வந்திருக்கிறாள். "நீங்கள் வாறீங்கள் எண்டு சொன்னா வருவானோ தெரியாது. வரமாட்டீங்கள்தானே" என்றாள்.

வாறன் என்றேன். இவருக்கு இன்னும் சொல்லவில்லை. அவனுக்கு முன்னால் போய் இருந்து நான் என்ன கதைக்க? அவன் என்ன கேட்பான்? சாட்சிக் கூண்டில் ஏறியபோதும் இவ்வளவு பயமிருக்கவில்லை, அண்ணை. புதன்கிழமை காலை அவள் காரோடு வருகிறாள்.

எங்கள் இருவருக்காகவும் ஒரு செபமாலை சொல்லுங்கள். அந்தப் பெடியனுக்காகவும். நீங்கள் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும்.

அன்புத் தங்கை
மெற்றில்டா